மாத நாவலையும் நூல் இருப்பில் சேருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நூலக ஆணைக்குழுக்களுக்கும், நூலக வாசகர் வட்டங்களுக்கும்,

வணக்கம்.

ராஜேஷ்குமாரின் நாவல்களை, அவை முதலில் வெளிவந்த மாத நாவல் வடிவத்திலேயே, நம் இரண்டு மாவட்ட மைய நூலகங்களிலும் தேடிச் சேர்த்து வைக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்த மடல். சிலருக்குச் சிரிப்பு வரும். பரவாயில்லை, சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

ராஜேஷ்குமார் துப்பறியும் கதை எழுத்தாளர், கோவைக்காரர். 1947-ல் பிறந்தவர். இயற்பெயர் கே. ஆர். ராஜகோபால். முதல் நாவல் ‘வாடகைக்கு ஓர் உயிர்’ 1980-ல் ‘மாலைமதி’ இதழில் வந்தது. அதிலிருந்து இன்றுவரை எழுதியது 1500-க்கும் மேல். 45 ஆண்டுகளுக்கு வகுத்துப் பாருங்கள், மாதத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று நாவல் வருகிறது. வாரப் பத்திரிகைத் தொடர்களும் சிறுகதைகளும் இதில் சேராது. ஜி. அசோகன் கொண்டுவந்த ‘க்ரைம் நாவல்’ இதழுக்கு அவர் பெயர்தான் முதலீடு. அட்டையில் அந்தப் பெயர் இருந்தால் போதும், கதைத் தலைப்பைக்கூடப் பார்க்காமல் வாங்கிய ஆட்கள் எங்கள் ஊரில் உண்டு.

எண்ணிக்கையை மட்டும் சொன்னால் அவரைப் பற்றி ஒன்றும் சொன்னதாகாது. அவர் கதை கட்டும் விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் அத்தியாயத்தில் கோவையில் ஒரு பெண் வேலைக்குக் கிளம்புவாள். இரண்டாவது அத்தியாயம் அவளுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு ஊரில், வேறு ஆட்களோடு தொடங்கும். மூன்றாவதில் மறுபடி அந்தப் பெண். இப்படி இரண்டு தண்டவாளம் தனித்தனியாக ஓடி, கடைசிச் சில பக்கங்களில் ஒன்றில் வந்து சேரும். எங்கே சேரும் என்று யோசித்துக்கொண்டே படிப்பதுதான் ருசி. இடையில் துப்பறியும் விவேக் வருவார், அவர் மனைவி ரூபலா வருவார், உதவியாளர் விஷ்ணு வந்து ஏதாவது கடி ஜோக் அடிப்பார். அத்தியாயம் முடியும் இடத்தில் கதவு தட்டப்படும், அல்லது போன் அடிக்கும். பக்கத்தைத் திருப்பாமல் மூடிவைக்க முடியாது. வாக்கியங்கள் சின்னச் சின்னவை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கூடத் தடுக்கி விழாமல் போகலாம்.

நம் மாவட்டங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசி இடம் தருமபுரிக்கு. 68.5 சதவீதம். அப்படிப்பட்ட ஊரில் பள்ளிக்கூடப் பாடத்துக்கு வெளியே ஒரு முழுக் கதையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தேன் என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அது ஒரு மாத நாவலாகத்தான் இருக்கும். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது. எல்லாப் பயணமும் பேருந்தில்தான். கட்டட வேலைக்குப் பெங்களூர் போகிறவர், ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்ட் போகிறவர் எல்லாம் பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய புத்தகங்களில் ஒன்றை உருவிக்கொண்டுதான் ஏறுவார்கள். மாங்கூழ் ஆலையில் சீசன் வேலைக்குப் போன பெண்கள் ஒரே பிரதியைக் கைமாற்றிக் கைமாற்றி, அட்டை கிழிந்து கொலைகாரன் யார் என்ற கடைசித் தாளும் காணாமல் போகிற வரை படித்திருக்கிறார்கள். (கடைசித் தாள் இல்லாத நாவலுக்கு ஆளுக்கொரு முடிவு சொன்ன சண்டை தனிக் கதை.)

சரி, இப்போது சிக்கலுக்கு வருகிறேன். மாத நாவல் பார்க்கப் புத்தகம், கணக்கில் பத்திரிகை. மாதாமாதம் இதழ் எண்ணோடு வருவதால் பருவ இதழ் வரிசையில் போய்விடுகிறது. பருவ இதழை யாரும் பாதுகாத்து வைப்பதில்லை. கொஞ்ச நாள் மேசையில் கிடக்கும், அப்புறம் பழைய பேப்பரோடு எடைக்குப் போகும். சமீபத்தில் ஒரு கிளை நூலகத்தில் கட்டுக்கட்டாக இலவசமாகத் தருகிறேன் என்று கேட்டபோது, “இதெல்லாம் புக்கு கணக்குல வராதுங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த நூலகர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த விதிமுறை அப்படி. பதிப்பகங்கள் பின்னால் தொகுத்துப் போட்ட ராஜேஷ்குமார் நூல்கள் சில அலமாரியில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் 1500 எங்கே, அவை எங்கே? போதாததற்கு மாத நாவலின் தாள் மட்டமான தாள். வீட்டில் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தால் பழுத்து, ஓரம் உதிர்ந்துவிடும். 80-களின் பிரதிகளுக்கு இனி அதிக ஆயுள் இல்லை.

சென்னையில் பிளாஃப்ட் என்ற பதிப்பகம் 2008-ல் தமிழ் மாத நாவல் எழுத்தாளர்களின் கதைகளை ஆங்கிலத்தில் தொகுப்பாகக் கொண்டுவந்தது. மொழிபெயர்த்தவர் ப்ரீதம் சக்கரவர்த்தி. ராஜேஷ்குமாரும் அதில் இருக்கிறார். ஆங்கிலத்தில் படிக்கிறவருக்கு நல்ல தாளில் கிடைக்கிற கதை, தமிழில் படித்து வளர்ந்தவருக்குப் பழைய பேப்பர் கடையில்தான் கிடைக்கும் என்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

தரத்தைப் பற்றிக் கேட்பீர்கள். எல்லாமே நல்ல கதை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். இந்த வேகத்தில் எழுதினால் கிறுக்கு விஞ்ஞானியும் மர்ம மருந்தும் திரும்பத் திரும்பத்தான் வரும். பெண்ணின் பிணத்தில் தொடங்கும் கதைகள் எனக்கே அலுத்துப் போயிருக்கின்றன. ஆனால் அலுப்புத் தட்டுகிறது என்பதும், வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதும் வேறு வேறு. 1980-களில் ஒரு டெலிபோனுக்கு என்ன மரியாதை இருந்தது, ஒரு நடுத்தர வீட்டில் எதற்கெல்லாம் பயந்தார்கள் என்று நாளைக்கு ஒரு ஆராய்ச்சி மாணவர் தேடினால், பரிசு வாங்கிய நாவல்களைவிட இவற்றில்தான் அதிகம் கிடைக்கும். அப்புறம், வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறவர்களில் இவரைப் படித்தவர்களும் இருக்கிறார்கள்.

புதிதாகப் பணம் ஒதுக்கச் சொல்லவில்லை. நன்கொடையாக வரும் மாத நாவல்களைப் பருவ இதழாகப் பார்க்காமல் நூல் இருப்புப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று ஒரு உத்தரவு போதும். நாலைந்து இதழ்களைச் சேர்த்து பைண்டு செய்யும் செலவைப் புரவலர்களிடம் கேட்கலாம். இரட்டைப் பிரதிகள் சேர்ந்தால் அஞ்செட்டி, சிட்லிங்கி பக்கம் உள்ள ஊர்ப்புற நூலகங்களுக்கு அனுப்புங்கள். அங்கே அலமாரியில் தூங்காது. பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை என்று ஊருக்கு நாலு பேர் வீட்டுப் பரணில் மூட்டை வைத்திருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையை வாசகர் வட்டம் எடுத்துக்கொள்ளட்டும்.

எந்த நூலகத்தில், எந்தக் கிழமை, யாரிடம் கொண்டுவந்து கொடுப்பது என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள். முதல் மூட்டை என்னுடையது.

இப்படிக்கு,
காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்