இடது பின்சக்கரத்தைப் பார்

அன்புள்ள கயலுக்கு,

வலது வளைவில் மட்டும் காரின் பின்பக்கம் வெளியே தள்ளுகிறது என்று இரண்டு வரி அனுப்பினாய். அதன்பின் சத்தமே இல்லை. எந்த ரோடு, எத்தனை மணி, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வலதில் திரும்பினால் பாரம் இடப்பக்கம் ஏறும். இங்கிலாந்து ரவுண்டானாவில் வலப்பக்கமாகத்தானே சுற்றுகிறீர்கள், அங்கேதான் அதிகம் தெரியும். ஆகவே இடது பின்சக்கரத்தில் ஆரம்பி. வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு, ஸ்டெபிலைசர் லிங்க், உடைந்திருந்தால் இரண்டு பக்க வளைவிலும் காட்டும். ஒரு பக்கம்தான் என்று நீ பிரித்துச் சொன்னதில் பாதி வேலை முடிந்தது கண்ணு, பல மெக்கானிக்குகளுக்கே அது வராது. அப்படிக் கவனித்த பிறகும் அதே வண்டியில் ஆபீஸ் போய் வருகிறாயே, அதுதான் எனக்குப் புரியவில்லை. மழையில் எடுக்காதே.

முதலில் டயர். உன் வண்டியின் 14 இஞ்ச் சக்கரத்துக்குக் காற்று 26 பிஎஸ்ஐ, வண்டி ஆறியிருக்கும்போது பார். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1216 என்றால் 2016-ம் ஆண்டின் 12-வது வாரம் செய்தது. பின்னால் இரண்டும் ஒரே ரகமா, ஒரே வயதா என்று பார். அடுத்து, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அள. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்பிரிங் அடிச்சுற்று உடைந்திருக்கலாம். அந்த ஊர் ரோட்டு உப்பு அதைத்தான் முதலில் தின்னும்.

பிறகு ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் இறக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதே, சின்ன மாமா விஷயம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டு, பிறகு இடமும் வலமும். இரண்டு வாக்கிலும் ஆட்டம் இருந்தால் பேரிங் மேல் சந்தேகம். ஆட்டமே இல்லையென்றாலும் விட்டுவிடாதே; சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்மின் உள்பக்கப் புஷ் இரண்டையும், அதாவது ஆர்ம் வண்டியோடு சேருமிடத்து ரப்பர் உறைகளை, லிவர் வைத்து நெம்பிப் பார். என் கணக்கில் கோளாறு அங்கேதான். 1995 மாடல் வண்டி, ரப்பர் இரும்பிலிருந்து விட்டிருக்கும். பாரம் ஏறியதும் ஆர்ம் நகர்ந்து சக்கரத்தின் முன்பக்கம் வெளியே பார்க்கும், பின்பக்கம் சட்டென்று தள்ளும். ஆக்சிலேட்டரை விட்டால் இன்னும் மோசம். அங்கே வருடாவருடம் வண்டியைச் சோதிக்கும் எம்.ஓ.டி. பாஸ் ஆனதே என்று சொல்லாதே. அந்த டெஸ்ட்டில் வளைவின் பாரத்தைப் போட்டா பார்க்கிறார்கள்?

ஷாக் அப்சார்பரின் தூசி உறையைத் தூக்கி சஸ்பென்ஷன் முட்டுகையில் தாங்கும் மெத்தையான பம்ப் ஸ்டாப்பையும் பார். பொடியாகியிருக்கும். உனக்கு முன் வைத்திருந்தவர் வண்டியைத் தாழ்த்தியிருந்தால், வளைவு நடுவில் சஸ்பென்ஷன் முட்டி நின்று பிடிப்பு போகும்.

சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடைசியில்தான். கிழிந்த புஷ்ஷோடு அலைன்மென்ட் செய்வது காசைக் கரியாக்குவது. புஷ் மாற்றும்முன், அந்தக் கோணத்தைத் திருப்பி வைக்கும் கேம் போல்ட்டு நின்ற இடத்தில் பெயின்ட் அடையாளம் வை. போல்ட்டு துருவேறி புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டியிருக்கும். அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரலாம், புதியவை முன்பே வாங்கிவை. பூட்டும்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கையில் கடைசி இறுக்கம் கொடுக்காதே. வண்டி தன் எடையில் நின்ற பிறகே இறுக்கு, இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட் தாளில் பின்சக்கரம் ஒவ்வொன்றின் டோவும் (முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பிய அளவு) தனித்தனியாக வேண்டும் என்று கேட்டு வாங்கு. இரண்டும் சற்றே உள்நோக்கி, சமமாக இருக்க வேண்டும்.

அதுவரை மழையில் எடுக்காதே. இரவிலும் எடுக்காதே, பஸ்ஸில் போ. புஷ்ஷை நெம்பும்போது வீடியோ எடு, லிவர் பிடிக்க யாரையாவது கூட வைத்துக்கொள். அது யார் என்றும் சொல், அம்மா கேட்கிறாள். வீடியோவை அனுப்பிவிட்டுக் கூப்பிடு, நம் ஊரில் நள்ளிரவு ஆனாலும் எடுப்பேன்.

அப்பா