கசிவா, சொட்டா? முதலில் அதைப் பார்

கண்ணு,

நேற்று ராத்திரி அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டு, காருக்கு ஹை மைலேஜ் ஆயில் போடணுமா என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்ததும் உன் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஹை மைலேஜ் ஆயிலா? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கூடக் கொடுக்குமாம்?" நம்மூரில் மைலேஜ் என்றால் அதுதானே. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற எண்ணெய் என்று நினைத்துவிட்டார். "அது இல்லைங்க, ரொம்ப ஓடின வண்டிக்கு ஊத்துறது" என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. "அப்படின்னா இருபது-ஐம்பது ஊத்தச் சொல்லு, கட்டியா நிக்கும்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். 20டபிள்யூ-50 என்கிற கெட்டி ஆயிலைத்தான் சொல்கிறார். அந்த இருபது-ஐம்பது கதைக்கு அப்புறம் வருகிறேன்.

இதையெல்லாம் போனில் சொன்னால் நீ பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பரமத்தி ரோட்டுக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆயில் டின் விற்றவள் நான். ஸ்பேனர் பிடித்தது அப்பாதான். ஆனால் எந்த வண்டி மாசத்துக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது என்பது என் நோட்டில்தான் இருந்தது.

ஆயில் மாற்றப் போன இடத்தில் 75,000 மைல் தாண்டிவிட்டது, இனிமேல் ஹை மைலேஜ் ஆயில்தான் போட வேண்டும் என்றார்கள் என்றாய். நம் கணக்கில் அது 1,20,000 கிலோமீட்டர். உன் கார் 1,32,000 மைல் ஓடியிருக்கிறது, அதாவது ரெண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். அந்த 75,000 டப்பாவில் அச்சடித்த எண், அவ்வளவுதான். அந்த மைல் கல்லைத் தாண்டியதும் எந்த இன்ஜினும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிழமாகிவிடாது. நெடுஞ்சாலையிலேயே ஓடி ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி ஒரு சொட்டு குறையாமல் வரும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடி எண்பதாயிரத்தில் புகை தள்ளுகிற வண்டியும் வரும். ரெண்டையும் பார்த்தாச்சு.

அதற்காக இது வெறும் வியாபாரத் தந்திரம் என்றும் சொல்ல மாட்டேன். நம்ம லாரிக்காரர்கள் வாங்குவார்களே வால்வோலின், அந்தக் கம்பெனிதான் 2000-ஆம் ஆண்டில் மேக்ஸ்லைஃப் என்று இந்த வகையை முதலில் கொண்டுவந்தது. உனக்குப் பக்கத்து மாநிலம் கென்டக்கிதான் அவர்கள் ஊர். இப்போது எல்லாக் கம்பெனியும் ஒன்று வைத்திருக்கிறது. சாதாரண ஆயிலிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது ரப்பருக்காகச் சேர்க்கிற மருந்து. கூடவே அழுக்கை எடுக்கிற சரக்கும், தேய்மானத்தைத் தடுக்கிற சரக்கும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

ரப்பர் மருந்து என்னவென்று கேட்டால், நம் வீட்டு குக்கர் கேஸ்கட்டை நினைத்துக்கொள். புதிதில் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ரெண்டு வருஷம் ஆவியில் வெந்ததும் விறைத்துப்போய், விசில் வராமல் ஓரமாக ஆவி சீறும். உன் இன்ஜினில் இருக்கிற ஆயில் சீல், வால்வு சீல், மேல் மூடியின் பேக்கிங் எல்லாம் பத்துப் பதினைந்து வருஷம் சூட்டில் வெந்து அதே மாதிரி விறைத்திருக்கும். ஹை மைலேஜ் ஆயிலில் இருக்கிற எஸ்டர் மாதிரியான பொருள் ரப்பருக்குள் இறங்கி அதைக் கொஞ்சம் மிருதுவாக்கி, கொஞ்சம் உப்ப வைக்கும். இடைவெளி அடைபடும். கசிவு ஒரே தடவையில் நிற்காது. ஒன்றிரண்டு ஆயில் மாற்றல் ஆக வேண்டும். ஆனால் விரிசல் விட்ட குக்கர் கேஸ்கட்டை நான் எத்தனை தடவை ஃப்ரீசரில் வைத்து எடுத்திருக்கிறேன், நீ பார்த்திருக்கிறாய். கடைசியில் புதுசுதானே வாங்கினோம்? சீலும் அப்படித்தான். அறுந்ததை எந்த எண்ணெயும் ஒட்டாது.

கடையில் நான் சொல்கிற கணக்கு இதுதான்: கசிவுக்கு ஆயில், சொட்டுக்கு பேக்கிங். ஓரத்தில் ஈரமாகி அதில் தூசி ஒட்டிக் கறுப்பாக இருந்தால் கசிவு. தரையில் விழுந்தால் சொட்டு.

இப்போது நீ அனுப்பிய போட்டோவுக்கு வருகிறேன். சிமெண்டுத் தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை. அது எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, போன மாசம் ஆயில் மாற்றின பிறகுதான் என்றாய். கண்ணு, எனக்கு அங்கேதான் சந்தேகம். இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற தொட்டியில், பழைய எண்ணெயை வடிக்கத் திறக்கிற டிரெயின் நட்டுக்கு ஒரு வாஷர் உண்டு. அவசரத்தில் பழைய வாஷரையே போட்டு முறுக்கினால் சொட்டும். ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதுசை மாட்டினாலும் ஒழுகும். நம் பக்கத்துப் பட்டறையில் ஒரு பையன் இந்த ஃபில்டர் வேலையைச் செய்து, ஒரு வேன் ராசிபுரம் போவதற்குள் பாதி ஆயிலைக் கொட்டிவிட்டது. இதற்கெல்லாம் ஹை மைலேஜ் ஆயில் மருந்தாகாது. முதலில் ஆயில் மாற்றின இடத்துக்கே போய் அடியில் பார்க்கச் சொல்.

அதற்கு முன் ராத்திரி காருக்கடியில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து வை. டயர் எங்கே நிற்கிறது என்று பேனாவால் குறி. காலையில் சொட்டு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று போட்டோ எடு. அப்புறம் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து, இன்ஜின் மேல் மூடியின் ஓரத்தைச் சுற்றிப் பார். எண்ணெய் மேலிருந்து கீழே வழியும், காற்று பின்னால் தள்ளும். அதனால் அடியில் ஈரமாக இருக்கிற இடமெல்லாம் ஒழுகுகிற இடம் இல்லை.

டிப்ஸ்டிக்கில், அதான் எண்ணெய் அளவு பார்க்கிற குச்சியில், பார்க்க உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஏழாவது படிக்கும்போதே கடையில் செய்தவன் நீ. ஆனாலும் சொல்கிறேன்: சமதரையில் நிறுத்து, இன்ஜினை அணைத்து ஐந்து நிமிஷம் விடு, துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடு. நீ அனுப்பின படத்தில் குச்சி நுனியில் டிஷ்யூ பேப்பர் நூல் ஒட்டியிருந்தது, பழைய பனியன் துணியால் துடை. உன் எண்ணெய் ரெண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெரும்பாலான கார்களில் அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவே ஒரு குவார்ட், கிட்டத்தட்ட ஒரு லிட்டர். 1,500 மைலில் அரை குவார்ட் போயிருக்கிறது. இந்த வயசு வண்டிக்கு அது பெரிய குற்றமில்லை. ஆனால் மாசம் ரெண்டு தடவை பார்த்துக் குறித்து வை. ஆயிரம் மைலுக்குள் ஒரு குவார்ட் குடித்தால் அப்போது ஆயில் பெயரைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை, இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு இந்த ஆயில் கேட்கும். ஓடும்போது முழுக்க நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளையாக வந்து மறைவது வெறும் நீராவி, அதற்குப் பயந்து எனக்கு வீடியோ கால் போடாதே. இன்ஜினுக்குள் சேர்கிற வாயுவை வெளியே விட பி.சி.வி. வால்வு என்று சின்னதாக ஒன்று இருக்கும், அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் ஒழுக வைக்கும். சில டாலர் சாமான். பேக்கிங் மாற்றச் சொல்வதற்கு முன் அதைப் பார்க்கச் சொல்.

என் தீர்ப்பைக் கேட்டால்: நட்டும் ஃபில்டரும் சரியாக இருந்து, மேல் மூடி ஓரத்தில் ஈரம் மட்டும் தெரிந்தால் அடுத்த மாற்றலில் ஹை மைலேஜ் போடு. டப்பாவுக்குச் சில டாலர்தான் கூட. எங்கேயும் ஈரமில்லை, குறைவும் நின்றுவிட்டது என்றால் இப்போது போடுவதையே போடு. இதைப் போட ஆரம்பித்துவிட்டால் திரும்பக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதே, மாற்றிக்கொள்ளலாம். ஒன்று மட்டும். உள்ளே பழைய கசடு படிந்திருந்து, அதுவே ஒழுகலை அடைத்துக்கொண்டிருந்தால், இந்த ஆயில் அதைக் கழுவி விட்டதும் புதிதாக ஒழுகுவது போலத் தெரியும். ஆயில் கெடுத்துவிட்டது என்பார்கள். மறைந்திருந்தது வெளியே வந்ததுதான்.

எந்த டப்பா ஆனாலும் கிரேடு, அதாவது எண்ணெய் எவ்வளவு கெட்டி என்று சொல்கிற எண், மாறக் கூடாது. உன் கையேட்டில் 0டபிள்யூ-20 என்றிருந்தால் அதே கிரேடில் ஹை மைலேஜ் வருகிறது. பின்பக்கம் ஏ.பி.ஐ. என்கிற அமெரிக்கப் பெட்ரோலியச் சங்கத்தின் வட்ட முத்திரையில் எஸ்.பி. என்கிற தரக் குறி அல்லது அதற்குப் புதுசு இருக்கிறதா பார். அப்பாவின் இருபது-ஐம்பது நம் ஊர் வெயிலுக்கும் பழைய கார்பரேட்டர் இன்ஜினுக்கும் சரி. தேய்ந்துபோன டாக்ஸிகளை அவர் அதை ஊற்றி ரெண்டு மூன்று வருஷம் ஓட்ட வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கொலம்பஸில் ஜனவரி காலையில் மைனஸ் பத்தில் அது தேன் மாதிரி நிற்கும். உன் இன்ஜினில் வால்வு திறந்து மூடுகிற நேரத்தை மாற்றுவதே ஆயில் அழுத்தம்தான், சின்னச் சின்ன துளை வழியாகப் போக வேண்டும். ஸ்டார்ட் செய்த முதல் சில நொடியில் மேலே எண்ணெய் ஏறாவிட்டால் தேய்மானம் அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டி போட்டோவை எனக்கு மட்டும் அனுப்பு. அப்பா இப்போதே உன் விலாசம் கேட்டுக்கொண்டிருக்கிறார், நாலு லிட்டர் டின்னைப் பார்சல் போட எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கிறாராம்.

அம்மா