பாப்பாவுக்கு, 51 காசு ஸ்டாம்பு ஒட்டி

ஈசூன்
14.8.2024

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். சிங்கப்பூருக்குள்ளேயே ஈசூனிலிருந்து பொங்கோலுக்குத் தபால் போடுகிற கிறுக்கன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். 31 காசாக இருந்த ஸ்டாம்பு போன வருஷம் 51 காசாகிவிட்டது, அது வேறு. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்தான். அனுப்பினால் நீல டிக் வந்ததா வந்ததா என்று ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். சித்தப்பா அந்தப் பழைய பேச்சை மறுபடி ஆரம்பித்திருக்கிறார், நான் பிடி கொடுக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே.

நீ பேப்பரில் எழுதுவதை வெட்டி ஒட்டி, பிஸ்கட் டின்னில் நான் வைத்திருக்கிற நோட்டு உனக்குத் தெரியும். ஜூலை 3ஆம் தேதிக்கு அப்புறம் அதில் ஒன்றும் ஒட்டவில்லை. கத்தரிக்கோல் மொக்கையாகிவிட்டது என்று வைத்துக்கொள்.

கேட்கவில்லை, சும்மா சொன்னேன். லீவாக இருக்கும். நிருபர்களும் மனிதர்கள்தானே. ஆனால் லீவென்றால் இங்கே ஒரு நடை வந்திருப்பாயே என்று அம்மா கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலும் சரியில்லை. சளியா? சுடுதண்ணீர் குடி. நேரத்துக்குச் சாப்பிடு.

நீ நடிப்பை விட்டு இந்த நிருபர் வேலைக்கு வந்தபோது நான் என்ன குதி குதித்தேன் என்று ஞாபகம் இருக்கிறது. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் அந்தக் கட்டுமானத் தொழிலாளி பஸ்ஸில் அடிபட்டு இறந்து, கலவரமாகி, வண்டிகள் எரிந்த அன்று நீ டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. மறு வருஷம் விசாரணைக் குழு உட்கார்ந்தபோது ஷூட்டிங் இல்லாத நாளெல்லாம் நீதிமன்றத்துக்குப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாய். நடிக்கிற பெண்ணுக்குக் கோர்ட்டில் என்ன வேலை என்று கத்தினேன். அப்புறம் ஒரு நாள் பேப்பரில் சேர்ந்துவிட்டேன் என்றாய், முன்னால் வந்ததில் பாதிச் சம்பளத்துக்கு. அதற்கும் கத்தினேன். எபிசோடு கணக்கில் காசு வாங்கிக்கொண்டு சேம நிதிக்கு முதலாளி பங்கு ஒரு காசு வராமல் இருந்தபோதும் கத்தியவன் நான்தான். எனக்கு எதுதான் பிடித்தது?

2020 ஏப்ரலில் ஊரே வீட்டுக்குள் கிடந்தபோது நீ பொங்கோலில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதி வாசலில் நின்றாய். வந்துவிடு என்றேன். “உள்ள இருக்கிறவங்க தமிழ்லதான்ப்பா சொல்றாங்க, கேக்க ஆள் வேணும்ல” என்றாய். அன்றைக்குத்தான் அந்த நோட்டை வாங்கினேன். தமிழ் முரசு பத்திரிகையை நிறுவிய தமிழவேள் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினபோது தன் கூலிக் காசிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் உன் தாத்தா. அவர் பேத்தி பேப்பரில் எழுதுகிறாள் என்று காப்பிக்கடையில் ஒரு மேசை விடாமல் சொன்னேன்.

அதுதான் இப்போது உறுத்துகிறது. நிருபர் என்று சொன்னேன். நடிகை என்று யாரிடமும் சொன்னதில்லை.

நீ நடித்துக்கொண்டிருந்த காலத்தில், வசந்தம் டிவியின் பிரதான விழா விருதுக்கு உன் பெயரும் பட்டியலில் வந்ததே, அந்த வருஷம். அந்த ரெண்டாம்தாரம் வேஷத்துக்கு. தேக்கா மார்க்கெட்டில் ஒரு கிழவி உன் கையைக் கிள்ளி, “ஏண்டி அந்த மாமியாரை அழ வைக்கிற” என்று கேட்டாளே, அந்த வேஷம். துறைமுகத்தில் என்னோடு வேலை செய்தவர்கள் தினம் கேட்பார்கள், “நேத்து உன் மகளை வீட்டை விட்டுத் துரத்திட்டாங்களாமே?” என்று. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்குத் துப்பில்லை. நாலு டிக்கெட் கொண்டுவந்து கொடுத்தாய். நைட் ஷிஃப்ட் என்றேன்.

ஷிஃப்ட் கிடையாது, பாப்பா. எனக்கு அன்று லீவு. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவன் மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, நமக்கு எதிர்ப்புறம் இருக்கிற காப்பிக்கடைக்குப் போனேன். கடைக்கார தவுக்கே டிவியில் பந்து விளையாட்டு போட்டிருந்தான். குடிக்காத நான் ஒரு போத்தல் பீர் வாங்கி, வசந்தத்தை வை என்றேன். வைத்தான், சத்தம் மட்டும் இல்லாமல். உன் முகத்தைப் பெரிதாகக் காட்டியபோதுதான் உன் பெயரைப் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அப்புறம் வேறொரு பிள்ளை எழுந்து மேடைக்குப் போனது. நீ சிரித்துக்கொண்டே கைதட்டினாய். கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டிருந்தாய். தொடக்கப்பள்ளியில் பிஎஸ்எல்இ பரீட்சை முடிவு வந்த அன்று கடித்தாயே, அதே மாதிரி. பக்கத்தில் எனக்கு வைத்திருந்த நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

ஷிஃப்ட் முடிகிற நேரம்வரை வீட்டுக்கு வர முடியாதே. பக்கத்து பிளாக் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசையில் தலையை வைத்துக்கொண்டு விடிய விடியக் கொசுக்கடி. காலையில் கதவைத் திறந்தால் நீ தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாய், கண் மை கூட அழிக்கவில்லை. “களைப்பா இருப்பீங்கப்பா” என்று கோப்பி கலக்கிக் கொடுத்தாய். வாங்கிக் குடித்தேன். கிடைத்ததா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

நீ அதற்கப்புறம் மூன்று வருஷம் நடித்தாய். ஒன்றையும் விடாமல் பார்த்தேன். நீ வீட்டில் இல்லாத நேரத்தில்.

இப்போது எதற்கு இது என்று நினைப்பாய். ஜூலை 3க்கு அப்புறம் ஒன்றும் ஒட்டவில்லை என்று மேலே எழுதினேனே, அதை அடிக்கப் பார்த்தேன். பேனாவால் எழுதினது, அடித்தால் இன்னும் பெரிதாகத் தெரியும், விட்டுவிட்டேன். காப்பிக்கடையில் போன வாரம் மகள் எப்படி என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறாள் என்றேன். எங்கே வேலை என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பொங்கோல் பக்கம் மழை என்று சொன்னார்கள். குடை வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிறு காலை மார்க்கெட்டுக்குப் போகிறேன். நீ வருவதாக இருந்தால் நண்டு வாங்குகிறேன், இல்லையென்றால் எங்கள் ரெண்டு பேருக்கு மீன் போதும். நண்டா, மீனா, அதை மட்டும் சொல்.

அப்பா