சுமைதாங்கிக்கும் சாலைப் பணி மதிப்பீட்டில் ஒரு வரி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் நடந்துவரும் நான்குவழிச் சாலைப் பணிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அந்தச் சாலை முழுவதும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டால் தொலைதூர வண்டிகள் அதற்கு மாறிவிடும்; ஆரல்வாய்மொழியிலிருந்து நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை போகும் பழைய சாலை சற்று மூச்சு விடும். அதற்குள் அந்தச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கற்கள், வழிமண்டபங்கள் போன்ற பழைய காலத்து அடையாளங்கள் என்னென்ன மிஞ்சியிருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் எனத் தோன்றியதால், விடுமுறைக்கு வந்திருந்த மகனுடன் கடந்த சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்தைக் காரில் ஊர்ந்து கடந்தேன். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை அவர்களுடைய ஹாரன் ஒலியே சொல்லிவிட்டது.

இந்தச் சாலையில் பேருந்து நிற்கும் இடங்களின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: முப்பந்தல், வெள்ளமடம், வெட்டூர்ணிமடம், சுங்கான்கடை, அழகியமண்டபம், சுவாமியார்மடம், இரவிபுதூர்க்கடை. பந்தல், மடம், கடை, மண்டபம் என்று, நடந்து போனவனுக்கும் மாட்டுவண்டியில் போனவனுக்கும் நிழலும் தண்ணீரும் கிடைத்த இடங்களே இங்கே ஊர்களாகிவிட்டன. நாகர்கோவிலுக்கு மேற்கே உள்ள சாலையை 47ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று சொல்லிப் பழகியிருந்தோம். 2010ஆம் ஆண்டு எண்களை மாற்றியமைத்தபோது அது 66 ஆயிற்று. நடத்துநரின் வாயில் மட்டும் ‘மண்டபம் இறங்கு, மடம் இறங்கு’ இன்னும் மாறவில்லை.

முப்பந்தலில் தொடங்கினோம். சேர சோழ பாண்டியர் மூவருக்கும் ஔவையார் பந்தல் போட்டதால் வந்த பெயர் என்று அங்கே சொல்வது வழக்கம். கதை எப்படியோ போகட்டும். காற்றாலைகளுக்கு நடுவே சாலையை ஒட்டியிருக்கும் இசக்கியம்மன் கோயிலில் லாரி ஓட்டுநர்கள் இன்றும் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுக் காணிக்கை போட்ட பிறகே கணவாயைக் கடக்கிறார்கள். நாங்கள் நின்ற கால்மணி நேரத்தில், என்ஜினை அணைக்காமலேயே இறங்கி, திருநீறு பூசிக்கொண்டு, ஸ்டீயரிங்கிலும் ஒரு கீற்று இழுத்துவிட்டுப் போனவர்கள் நாலைந்து பேர் இருக்கும். வழிப்போக்கர்களுக்கான ஓர் இடம் உயிரோடு இருக்கிறது என்றால் அது இப்படித்தான் இருக்கும். திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த காலமான 1809இல் ஆங்கிலேயப் படை திருவிதாங்கூருக்குள் நுழைந்ததும் இந்த ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான். கணவாயில் இருந்த காவல் கோட்டையைத் தேடி இறங்கியவர்களுக்கு அதைச் சொல்ல அங்கே ஒரு பலகை எங்கள் கண்ணில் படவில்லை.

நாகர்கோவிலின் மணிக்கூண்டான மணிமேடையைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. சுங்கான்கடையில் பானைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன, ஒன்று வாங்கினோம். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள், 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சரணடைந்து, பின்பு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவரான டச்சுப் படை அதிகாரி டிலனாயின் கல்லறை இருக்கிறது. இலத்தீனிலும் தமிழிலும் வெட்டிய எழுத்துகளை அருகில் நின்று படிக்கலாம். பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. இவையெல்லாம் பெரிய இடங்கள். இவற்றைக் கவனிக்க யாராவது இருக்கிறார்கள். அழகியமண்டபத்தில் டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்களிடம், ஊருக்குப் பெயர் தந்த மண்டபம் எது என்று கேட்டபோது இரண்டு பேர் இரண்டு திசையைக் காட்டினார்கள். மூன்றாமவர், “மண்டபமா மக்கா, பேருதான் இருக்கு” என்று முடித்துவிட்டார்.

என் கவலை இவற்றைவிடச் சிறிய பொருளைப் பற்றியது. சாலையை நேராக்கும்போது கைவிடப்பட்ட பழைய வளைவுகள் தக்கலைக்கு மேற்கே அங்கங்கே உண்டு. அப்படி ஒரு வளைவில், ரப்பர் தோட்டத்து வேலியை ஒட்டி, ஒரு சுமைதாங்கியைக் கண்டோம். எங்கள் பக்கத்து முதியவர்கள் இதைச் சுமடுதாங்கி என்பார்கள். நட்டுவைத்த இரண்டு கற்களின் மேல் படுக்கையாக ஒரு கல், அவ்வளவுதான். ஆனால் அதன் உயரத்தைப் பாருங்கள். தலைச்சுமையோடு வருகிறவள், தூக்கிவிடவோ இறக்கிவிடவோ இன்னொருவர் இல்லாதபோதும், லேசாக முழங்காலை மடக்கிச் சுமையை அப்படியே கல்லின் மேல் நகர்த்திவிடலாம். இளைப்பாறிய பிறகு அதேபோலத் தலைக்கு இழுத்துக்கொள்ளலாம். குளச்சல் மீனும் கருவாடும், புத்தளத்து உப்பும், கருப்பட்டியும், மரச்சீனிக் கிழங்கும் மார்த்தாண்டத்துத் தொடுவெட்டிச் சந்தைக்கும் நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்கும் தலையில் போன காலத்தில் இந்தக் கற்களே சாலையின் இயந்திரங்கள். நாங்கள் பார்த்த கல்லின் மேற்பரப்பில் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் தேய்ந்திருந்தது. எத்தனை கூடைகள் உரசினால் கருங்கல் அப்படித் தேயும் என்று மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதன் பக்கவாட்டில் எழுத்து இருந்தது. கட்சிச் சுவரொட்டியின் பசையும் சுண்ணாம்பும் மேலே படிந்திருந்ததால் நேராகப் பார்த்தால் ஒன்றும் புலப்படவில்லை. மகன் செல்போன் விளக்கைக் கல்லோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தபோது எழுத்துகளின் நிழல் எழுந்தது. பழைய திருவிதாங்கூரில் வழங்கிய ஆண்டுக் கணக்கான கொல்லம் என்ற சொல்லும், அதன்பின் ஆயிரத்தைக் குறிக்கும் ௲ என்ற குறியும் தெளிவாக இருந்தன. மீதி எண்கள் சிதைந்துவிட்டன. கொல்லம் ஆயிரம் என்பது 1824ஆம் ஆண்டில் தொடங்குவதால், கல் அதற்குப் பிற்பட்டது என்பதுவரை சொல்லலாம். அடுத்த வரியில் ஒரு பெண்ணின் பெயரில் இரண்டெழுத்து தெரிந்தது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமையை ஊரார் இறக்கிவைக்கட்டும் என்று இத்தகைய கல் நடுவது தென்னாட்டு வழக்கம். தன் மகளுக்காகவோ மனைவிக்காகவோ ஒருவர் நட்ட கல்லில், ஊர்ச் சாவடியில் அறிவிப்பு ஒட்டுவதுபோலச் சுவரொட்டி ஒட்டுகிறோம்.

சுவரொட்டியாவது பரவாயில்லை. எங்கள் தெருமுனையில் இப்படியொரு சுமைதாங்கி இருந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் அதன் அடியில் குனிந்து ஓடியே நாங்கள் வளர்ந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் மழைநீர் ஓடை அகலப்படுத்தும் பணி வந்தபோது, ஒப்பந்த ஆட்கள் ஒரே காலையில் அதைச் சாய்த்துவிட்டார்கள். ஒரு கால் உடைந்தது. மேற்கல்லை அதே ஓடைக்கு மூடியாகப் போட்டார்கள். நான் போய்க் கேட்டபோது பணி மேற்பார்வையாளர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. தம் கையிலிருந்த மதிப்பீட்டுத் தாளைக் காட்டி, “இதில் கல் என்று எதுவும் இல்லையே ஐயா” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையிலேயே அதில் இல்லை.

சாலைப் பணியின் மதிப்பீட்டில் மின்கம்பம் மாற்றுவதற்குத் தலைப்பு உண்டு. குடிநீர்க் குழாய் மாற்றுவதற்கும் உண்டு. சுமைதாங்கிக்கும், கல்தொட்டிக்கும், பழைய மைல்கல்லுக்கும், வழிமண்டபத்துக்கும் அதேபோல் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. 1966ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொன்மையான, வரலாற்றுச் சின்னங்கள் சட்டத்தின்கீழ் இவற்றை ஒவ்வொன்றாகப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது நடைமுறைக்கு ஒத்து வராது. பணி தொடங்குமுன் கல்லுக்கு எண் கொடுத்துப் படம் எடுத்து, எழுத்திருந்தால் படியெடுத்து, நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் சில அடிகள் தள்ளிச் சாலையை நோக்கியே மீண்டும் நட்டால் போதும். எனாமல் வண்ணம் மட்டும் பூச வேண்டாம். இருக்கும் எழுத்தும் போய்விடும். கணக்கெடுப்புக்குப் பெருஞ்செலவும் ஆகாது. மாவட்டக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடம் ஆளுக்கு இரண்டு கிலோமீட்டர் ஒப்படைத்தால் ஒரு வாரத்தில் பட்டியல் தயாராகிவிடும்.

சுற்றுலாவுக்காகக் கன்னியாகுமரியில் பாறைகளுக்கிடையே 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம் கட்டியிருக்கிறோம். நல்லதே. ஆனால் அங்கே வருகிறவர்கள் நான்குவழிச் சாலையில் நேரே கடலுக்குப் போய், சூரியன் மறைந்ததும் நேரே திரும்பிவிடுவார்கள். ஒருநாள் கூடுதலாகத் தங்கி, நெரிசல் தணிந்த பழைய சாலையில் மெதுவாகப் போய்ப் பார்க்க அவர்களுக்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமானால், அதற்கான வேலையைப் பழைய சாலையில் அடுத்த ஓடைப் பணி தொடங்குமுன் செய்தாக வேண்டும்.

எங்கள் தெருமுனை மேற்கல் இன்றும் ஓடையின் மேல்தான் கிடக்கிறது, உடையவில்லை. அதன் மேல் ஏறித்தான் பைக்குகள் கடைக்குள் போகின்றன. ஓடைக்கு வேறு மூடி போட்டு, கல்லைத் தூக்கி நிறுத்த ஜேசிபி வாடகையையும் ஒரு புதுக் காலுக்கான கல்லின் விலையையும் தெருக்காரர்கள் நாங்களே கொடுக்கத் தயாராக இருக்கிறோம். எந்த அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்பதை உரியவர்கள் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.