பெற்றோருக்கு அதிபரிட கடிதம்: குடுக்கிற கையும் பிடிக்கிற கமராவும்

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

தவணைக் கடிதம் என்டா வழமையா விளையாட்டுப் போட்டி, தலைமயிர் வெட்டுறது, சப்பாத்து, பிந்தி வாறது என்டுதான் இருக்கும். அதெல்லாம் வகுப்பாசிரியர்மார் குறூப்பில போடுவாங்க. இந்த முறை வேற ஒரு விஷயம், கொஞ்சம் நீட்டாத்தான் வரும், தயவுசெய்து வாசிங்க, வொய்ஸ் மெசேஜா போடுங்க சேர் என்டு மட்டும் கேக்காதீங்க.

போன தவணை எங்கட பெரிய வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் சேந்து வெருகல் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு கொப்பி, பென்சில், கலர்ப்பெட்டி எல்லாம் கொண்டு போய்க் குடுத்தவங்க. மாவிலி கங்கை பெருகினா தண்ணி ஏறுற ஊர், அங்கத்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மழைக்கும் கொப்பி புத்தகம் நனையிறது புதினமில்ல. ஒருத்தரும் சொல்லாம அவங்களே யோசிச்சு, மத்திய வீதியில கடை கடையா ஏறி இறங்கி காசு சேத்தவங்க, அதில எனக்கு சந்தோசம்தான், அத முதல்லயே சொல்லிப்போட்டன்.

பிறகு குடுக்கேக்க அவங்க எடுத்த வீடியோவ பாத்தன். வெட்டி ஒட்டி மியூசிக் போட்டதில்ல, போனில கிடந்த முழு வீடியோ. மூண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்டு, கொப்பிக் கட்ட வாங்கினோடன மேல கிடந்த கொப்பிய விரிச்சு மூக்குக்குக் கிட்டக் கொண்டு போய் மணந்து பாக்குது, கமராவ பாக்கவே இல்ல. "தங்கச்சி இங்க பாருங்க, சிரிங்க" என்டு சத்தம் கேக்குது, கொப்பிக் கட்ட திரும்ப வாங்குறாங்க. ரெண்டாந் தரம் குடுக்கேக்க பின்னால வெயில், முகம் இருட்டா விழுது, திரும்பவும் வாங்குறாங்க. மூண்டாந் தரம் நீட்டினா அந்தப் பிள்ளை கைய நீட்டேல்ல. திரும்பவும் பறிக்கப் போறாங்க என்டு நினைச்சிருக்கும். டீச்சர் ஒராள் பின்னால நிண்டு "வாங்கு வாங்கு" என்டு சொன்ன பிறகுதான் வாங்குது. டிக்டொக்கில போனது அந்த மூண்டாவது. சோகப் பாட்டும் போட்டு, பிள்ளை தயங்கி நிக்கிறதால இன்னும் நல்லா எடுபட்டிருக்கு, கீழ எல்லாரும் அழுற பொம்மை போட்டிருக்கிறாங்க.

எங்கட பிள்ளைகள் மோசமான பிள்ளைகள் இல்ல. அவங்க பாக்கிறதத்தான் செய்தவங்க. யாழ்ப்பாணத்தில இருந்து மட்டக்களப்பு வரைக்கும் இந்த உதவி வீடியோ எத்தின சனல் இருக்கு என்டு உங்களுக்குத் தெரியும், பின்னேரம் தேத்தண்ணியோட உங்கள்ல கன பேர் பாக்கிறதும் எனக்குத் தெரியும். "வணக்கம் உறவுகளே" என்டு தொடங்கும், ஓலை வீட்டுக்குள்ள கமரா போகும், பானைய திறந்து காட்டச் சொல்லுவாங்க, "உங்கட கஷ்டத்த சொல்லுங்கம்மா" என்டு கேப்பாங்க, அந்த அம்மா அழுது முடியுமட்டும் மைக் அங்கயே இருக்கும், அதுக்குப் பிறகுதான் அரிசி மூட்டை வரும். வீடியோட முகப்பில அந்த அழுற முகம், பக்கத்தில சிவப்பு அம்புக்குறி. சனம் கடைசி மட்டும் பாக்கோணும் என்டுதான் அரிசி கடைசியில வருது, இது தற்செயல் இல்ல. யூடியூப்பில சாதாரண வீடியோவுக்கு விளம்பரக் காசில பங்கு வரோணும் என்டா ஆயிரம் சப்ஸ்கிரைபரும் 12 மாசத்துக்குள்ள சனம் பாத்த நேரம் 4000 மணித்தியாலமும் சேரோணும். கனடா, லண்டன், பிரான்சில இருந்து ஆக்கள் பாத்தா இங்க பாக்கிறதவிட காசு கூட. அப்ப யாற்ற கண்ணீர் எங்க விலைப்படுது என்டு நீங்களே கணக்குப் பாருங்க. உண்மையா உதவி செய்றவங்களும் அதுக்குள்ள இருக்கிறாங்க, இல்லையென்டு நான் சொல்லேல்ல. ஆனா அந்த அம்மாட பிள்ளையும் எங்கயோ ஒரு பள்ளிக்கூடத்தில தானே படிக்குது, அடுத்த நாள் வகுப்புக்குள்ள போகேக்க எல்லாற்ற போனிலயும் அதிட வீட்டுப் பானை இருக்கும்.

பழைய காலத்தில எல்லாரும் தங்கம் என்டும் நான் கதை விடமாட்டன். கோயில் ரியூப் லைட்டில வெளிச்சம் வர இடமில்லாம உபயகாரர் பேர் எழுதின ஊர்தான் இது. 2004 சுனாமிக்குப் பிறகு குடுத்த வள்ளத்தில கூட குடுத்த நிறுவனத்திட பேர் பெரிசா அடிச்சிருந்தது, நீங்களும் பாத்திருப்பீங்க. பேர் ஆசை எப்பவும் இருந்ததுதான். ஆனா அப்ப குடுத்தவர் தன்ட பேரத்தான் எழுதினார், வாங்கினவன்ட முகத்த எழுதேல்ல. இப்ப மற்றாளிட வெக்கம்தான் சரக்கு. எனக்கு வயித்தெரிச்சல் அதிலதான்.

பிராங்க் என்டு சொல்லி வயசான ஆக்கள பயப்பிடுத்துறதும் இதே சாமான்தான், எங்கட திருகோணமலைக் கோட்டைக்குள்ள மானச் சுத்தி நிண்டு துரத்தி ரீல் எடுக்கிறதும் இதேதான். கோணேசர் கோயிலடி இராவணன் வெட்டு மலைப் பிளவில பாதுகாப்புக் கம்பிக்கு வெளியில கால வைக்கிற விளையாட்டப் பற்றி நான் தனியா பிள்ளைகளிட்ட கதைச்சிட்டன், திரும்ப இங்க எழுதேல்ல.

இன்னொரு பழக்கமும் இருக்கு. ஆக்கள ஒரு வீட்டுக்குள்ள அடைச்சு வச்சு, கமராவ பூட்டி, சண்டை பிடிக்க விட்டுக் காட்டுற யோசனை 1999இல நெதர்லாந்தில தொடங்கினது, தமிழுக்கு 2017இல பிக் பாஸ் என்டு வந்தது. இப்ப எட்டாம் வகுப்புப் பிள்ளை டீச்சருக்கு எதிர்த்துக் கதைச்சுப்போட்டு "நான் மனசில பட்டத முகத்துக்கு நேர சொல்றவன் சேர்" என்டு எனக்கே சொல்லுது. மட்டு மரியாதை இல்லாமக் கதைக்கிறத நேர்மை என்டு விளங்கி வச்சிருக்கிறாங்க. முகத்துக்கு நேர சொல்றவன் பரீட்சையில பாத்து எழுதினதையும் முகத்துக்கு நேர சொன்னா நான் கும்பிடுவன், ஆனா அது மட்டும் வராது.

சரி, பிள்ளைகள விடுவம். பெரியாக்கள் நாங்க என்ன செய்றம்? அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை ரிசல்ட் வந்த அண்டு ஃபேஸ்புக்க திறந்து பாருங்க. வெட்டுப்புள்ளிக்கு மேல எடுத்த பிள்ளைட படம், மாலை, கேக், ரியூசன் மாஸ்டர்ட படம் பிள்ளைட படத்தவிட பெரிசு, சந்திக்குச் சந்தி பெனர். பத்து வயசுப் பிள்ளைக்கு பெனர்! பக்கத்து வீட்டில ரெண்டு புள்ளியால தவறவிட்ட பிள்ளை ஒரு கிழமைக்கு அந்தச் சந்தியால சைக்கிள்ல போகாது. சில வீடுகள்ல புள்ளி குறைஞ்ச பிள்ளை அழுறதையே வீடியோ எடுத்து "என்ட தங்கம் அழாத" என்டு ஸ்டேட்டஸ் போட்டிருந்தாங்க, அத பாத்திட்டு எனக்கு அண்டைக்கு சாப்பாடு இறங்கேல்ல. அந்தப் பிள்ளையிட்ட ஆராவது கேட்டீங்களா? ஃபேஸ்புக்கில லைக் பட்டன் வந்தது 2009 பெப்ரவரியில. இப்ப பதினோராம் வகுப்பு படிக்கிறவங்க அதுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள், லைக் இல்லாத உலகத்த அவங்க கண்டதே இல்ல. நாங்க கண்டனாங்க. எங்களுக்கு என்ன சாட்டு?

வீடியோ எடுத்த பிள்ளைகள கூப்பிட்டுக் கதைச்சன், தண்டனை ஒண்டும் குடுக்கேல்ல. அதில ஒராள் ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. "வீடியோ இல்லாட்டி காசு தந்த கடைக்காரருக்கு நாங்க எப்பிடி சேர் காட்டுறது, நாங்க அடிச்சிட்டம் என்டு நினைப்பாங்களே." உண்மைதான், காசு வாங்கினா கணக்குக் காட்டத்தான் வேணும். அதுக்கு பில் இருக்கு, யார் எவ்வளவு தந்தது என்டு எழுதின கொப்பி இருக்கு, வாங்கின பள்ளிக்கூடத்து அதிபரிட கையெழுத்தும் சீலும் இருக்கு, வேணுமென்டா மேசையில அடுக்கின கொப்பிகள படம் எடுக்கலாம். இதெல்லாம் கஷ்டமான வேலை, ஒரு சதம் பிசகாம கூட்டிக் காட்டோணும், மியூசிக் போட ஏலாது. அவங்க உக்காந்து கணக்க எழுதி முடிச்சாங்க, 340 ரூபா மிச்சம் வந்தது, அத என்ன செய்றது என்டு அவங்களுக்குள்ள ஒரு பெரிய வாக்குவாதம், கேக்க ஆசையா இருந்தது.

இனி எங்கட பள்ளிக்கூடத்திட பேரில செய்ற எந்த உதவியிலயும் வாங்கிற ஆளிட முகம் படத்தில வராது. கணக்கு நோட்டீஸ் போர்டில போடுவம். டிக்டொக் கணக்கு வச்சிருக்க 13 வயசாவது ஆகோணும் என்டு அந்தக் கம்பனியே சொல்லுது, ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பிறந்த வருசத்த மாத்திப் போட்டு நீங்களே திறந்து குடுக்காதீங்க, பொய் சொல்லப் பழக்குற முதல் பாடம் அதுவாத்தான் போகும். விளையாட்டுப் போட்டியில உங்கட பிள்ளைய நீங்க தாராளமா எடுங்க, மற்றவங்கட பிள்ளை விழுறத எடுத்து சிரிக்கிற பொம்மையோட குறூப்பில போட்டா அந்தப் பெற்றோர எனக்கு முன்னால இருத்தித்தான் கதைப்பன், ஆர் என்டாலும்.

இதோட ஒரு படிவம் வருது, உங்கட பிள்ளைட படத்த பள்ளிக்கூடப் பேஜில போட சம்மதமா இல்லையா என்டு. இல்லை என்டு போட்டாலும் ஒருத்தரும் காரணம் கேக்கமாட்டம். பிள்ளையிட்டயும் கேட்டுப்போட்டு கையெழுத்து வைங்க, வெள்ளிக்கிழமைக்கு முதல் வகுப்பாசிரியரிட்ட குடுங்க. பெற்றோர் கூட்டம் சனிக்கிழமை காலம 9 மணிக்கு பிரதான மண்டபத்தில, இந்த விஷயத்தில என்னோட ஒத்துப்போகாதவங்களும் கட்டாயம் வாங்க. மோட்டார் சைக்கிள்கள மைதானப் பக்கம் விடுங்க, முன் கேட்ட அடைச்சு விடாதீங்க.

இப்படிக்கு,
அதிபர்