சாரம் கழற்றாத தர்கா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மாடிப் பூச்சை முடிக்காமல் கொத்தனார் மாயமாகிவிட்டார், சாரம் இரண்டு மாதமாக அப்படியே நிற்கிறது என்று புலம்பியிருந்தாய். நான் பார்த்துவிட்டு வந்த இடத்தில் 600 வருஷமாக யாரும் கழற்றவில்லை.

பேத்தியைப் பார்க்க கஜகஸ்தான் போனேன் அல்லவா? அங்கே துர்கிஸ்தான் ஊரில் அகமது யசாவியின் தர்கா இருக்கிறது. அவர் 12ஆம் நூற்றாண்டு சூஃபி ஞானி. அடக்கத்தின் மேலிருந்த சின்னக் கட்டடத்தின் இடத்தில் இதை 1389 வாக்கில் எழுப்பச் சொன்னவன் தைமூர். சீனாவை நோக்கிப் படையெடுத்தவன் 1405இல் பக்கத்து ஓத்ராரில் செத்துப்போனான். அதோடு வேலையும் நின்றது.

முன்வாசல் வளைவு இன்றும் வெறும் செங்கல்தான். சுவரிலிருந்து சாரக்கம்புகள் வரிசை வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. கம்பு இல்லாத துளைகளில் பறவைகள் குடியிருக்கின்றன. நம் பழைய கட்டட சைட் ஞாபகம் வந்து, வெயிலில் அங்கேயே நின்றுவிட்டேன். பேத்திக்குப் பொறுமை போய்விட்டது.

பின்பக்கம் போனால் வேறு கட்டடம் போலிருக்கிறது. நீல மெருகேற்றிய செங்கல்லையும் சாதாரணச் செங்கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கியே சுவர் முழுக்க எழுதியிருக்கிறார்கள். கட்டம் கட்டமாக இருந்ததால் நான் கோலம் என்றே நினைத்தேன், அரபு எழுத்தாம்! அடக்க அறைக்கு மேலே பரங்கிக்காய் போல வரி விழுந்த நீலக் குவிமாடம்.

நடுக்கூடத்தின் குவிமாடம் இன்னும் பெரிது. குறுக்களவு 18 மீட்டருக்கு மேல்; செங்கல்லும் ஜிப்சச் சாந்தும்தான், கம்பியே கிடையாது. சதுரச் சுவரிலிருந்து வட்டத்துக்கு மாறும் மூலைகளைத் தேனடை மாதிரி அடுக்கடுக்காக இழைத்திருக்கிறார்கள். அதன் கீழே 1399இல் வார்த்த அண்டா, 2 டன் எடை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் இதிலிருந்துதான் இனிப்புத் தண்ணீர் கொடுப்பார்களாம். 1935இல் லெனின்கிராடுக்குக் கொண்டுபோய், 1989இல்தான் திருப்பித் தந்தார்கள்.

சரி, உன் கொத்தனார் வந்தாரா? சாரத்தைப் பிரித்த கையோடு துளைகளை அடைக்கச் சொல். ஐப்பசி மழை வந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். என் முட்டிவலி தேவலை. அடுத்த மாதம் திருச்சி வரும்போது படங்களைக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய சைட் கூட்டாளி