உன் பெயரில் சேர வேண்டிய இரவுகள்

மன்னார்குடி,
தை மாதம்.

அன்புள்ள சேகர்,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்கட்டும் என்று நெல்லைக் களத்தில் பரப்பிவிட்டுக் காத்திருக்கிறோம். பெரியப்பா வழக்கம்போல் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தீபாவளிக்குப் பிறகு நீ ஒரு வரிகூட எழுதவில்லை என்ற கோபத்தை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

இன்று எழுதும் காரணம் வேறு. நேற்று கணேசன் வந்திருந்தான். இந்த ஆண்டு முழுவதும் உன்னை ஐதராபாத்துக்கும் சென்னைக்கும் மாறி மாறி அனுப்பப் போகிறார்கள் என்றும், திங்கள் முதல் வியாழன் வரை நான்கு இரவுகள் வெளியூரில்தான் என்றும், அறை வாடகைக்கு ஓர் உச்ச வரம்பை மட்டும் சொல்லிவிட்டு விடுதியை உன் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள் என்றும் சொன்னான். அது நல்ல செய்தி. ஆனால் நீ அன்றன்றைக்கு எந்தச் செயலியில் நூறு ரூபாய் குறைவாகத் தெரிகிறதோ அதில் பதிந்து, வாரம் ஒரு விடுதியாக மாறிக்கொண்டிருக்கிறாய் என்று அவன் சொன்னதும் எனக்கு மனம் ஆறவில்லை. கல்லூரி விடுதியில் சோப்புத் துண்டுகளை ஒட்டிவைத்துக் குளித்தவன் நீ. உனக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது!

பெரிய விடுதிக் குழுமங்கள் அடிக்கடி தங்குபவர்களுக்காக உறுப்பினர் திட்டம் வைத்திருக்கின்றன. தங்கும் இரவுகள் கணக்கில் ஏற ஏற உயர்தகுதிப் படிகளும் சலுகைகளும், பின்னால் அறை வாடகைக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய பாயின்ட்டும் கிடைக்கும். அவை எல்லாவற்றிலும் பொதுவான விதி ஒன்று உண்டு. அவர்களுடைய சொந்தத் தளத்திலோ செயலியிலோ தொலைபேசியிலோ நேராகப் பதிந்த இரவுகள்தாம் உறுப்பினர் கணக்கில் ஏறும். இடையில் ஒரு பயணச் செயலியில் பதிந்தால், நீ அதே அறையில் அதே கட்டிலில் படுத்து எழுந்தாலும் பொதுவாக இரவும் ஏறாது, பாயின்ட்டும் வராது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராமல் வழியிலேயே வடிந்துபோவதைப் போல, வீட்டைவிட்டு நீ கழிக்கும் இரவுகள் யாருக்கும் பயனின்றிப் போகின்றன. உயர்தகுதியை விரைவாகப் பெறும் வழி என்ன என்று என்னைக் கேட்டால், கூடுதலாகத் தங்குவதன்று, தங்கிய இரவுகளில் ஒன்றையும் இழக்காமல் இருப்பதே என்பேன். அரிசி ஆலை இயந்திரங்களுக்காக நான் ஊர் ஊராகச் சுற்றிய ஆண்டுகளில் இதைத்தான் கண்டேன்.

அடுத்தது, ஒரே குழுமத்தில் நிலைத்திருப்பது. மூன்று குழுமங்களில் பதினைந்து பதினைந்தாக இரவுகளைச் சேர்ப்பவனுக்கு மூன்றிலும் கடைசிப் படிதான் கிடைக்கும். ஹில்டன் குழுமத்தில் இரவுகளோடு தங்கல்களையும், அதாவது எத்தனை முறை வந்து தங்கினாய் என்பதையும், தனியாக எண்ணுவார்கள். ஆகவே கணேசனைப் போல் ஓர் ஊரில் ஓர் இரவு, மறுநாள் அடுத்த ஊர் என்று திரிபவனுக்கு அது பொருந்தும். நீ ஒரே விடுதியில் நான்கு இரவுகள் தொடர்ந்து தங்கினால் அது ஒரே தங்கலாகிவிடும். ஐஹெச்ஜி குழுமத்தில் 40 இரவுகளிலேயே பிளாட்டினம் என்ற படி கிடைத்துவிடும், ஆனால் அந்தப் படிக்குக் காலை உணவு கிடையாது. உன் இரண்டு ஊர்களையும் வைத்துப் பார்த்தால் மாரியட்டே சரி. ஐதராபாத்தில் அந்தக் குழுமத்தின் வெஸ்டினும் ஷெராட்டனும் உன் அலுவலகப் பக்கத்திலேயே உள்ளன. சென்னையில் தேனாம்பேட்டை கோர்ட்யார்டும் வேளச்சேரி வெஸ்டினும் இருக்கின்றன. நமக்குக் கிட்டத்தில் திருச்சியிலும் ஒரு கோர்ட்யார்ட் இருக்கிறது. உன் வரம்புக்குள் எது அடங்குகிறது என்று வாரம்தோறும் பார்த்துக்கொள். குழுமத்தை மட்டும் மாற்றாதே.

பான்வாய் என்ற மாரியட்டின் உறுப்பினர் திட்டத்தில் படிகள் இவை: 10 இரவுகளில் சில்வர், 25 இல் கோல்டு, 50 இல் பிளாட்டினம், 75 இல் டைட்டானியம். நீ குறிவைக்க வேண்டியது பிளாட்டினத்தை. கடன் அட்டை என்றாலே உன் அப்பாவின் முகம்தான் உனக்கு நினைவுக்கு வரும் என்று தெரியும். இருந்தாலும் எச்டிஎஃப்சி வங்கி 2023 இல் வெளியிட்ட மாரியட் பான்வாய் அட்டையைப் பற்றி விசாரித்துப் பார். அது வந்தபோதே சில்வர் தகுதியும் ஆண்டுக்கு 10 இரவுக் கணக்கும் அதனோடு வந்தன. அந்தச் சலுகை இப்போதும் அப்படியே இருந்தால் உனக்கு மீதி வேண்டியவை 40 இரவுகள். வாரத்துக்கு நான்கு என்றால் பத்து வாரங்கள். பிப்ரவரியில் தொடங்கினால் ஏப்ரலில் முடிந்துவிடும்.

இந்தத் தையிலேயே இதை எழுதுவதற்கு அதுவே காரணம். இரவுக் கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஓர் ஆண்டில் பெற்ற தகுதி அந்த ஆண்டின் எஞ்சிய நாட்களிலும், அடுத்த ஆண்டு முழுவதும், அதற்கடுத்த ஆண்டின் பிப்ரவரி முடியும்வரையும் நிற்கும். எனவே ஏப்ரலில் 50 ஐத் தொடுபவன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அனுபவிப்பான். டிசம்பரில் தொடுபவனுக்குப் பதினான்கு மாதங்கள்தாம். இருவரும் தங்கியது ஒரே அளவு.

அப்படி என்ன கிடைத்துவிடும் என்று நீ கேட்பாய். எனக்கு மிகவும் பிடித்ததை முதலில் சொல்கிறேன். பிளாட்டினத்துக்கு மாலை 4 மணி வரை அறையை வைத்திருக்கும் உரிமை உண்டு. உல்லாச விடுதிகளிலும் மாநாட்டு விடுதிகளிலும் மட்டும் அது அறை காலியாக இருப்பதைப் பொறுத்தது. வெள்ளிக்கிழமைகளில் உன் வேலை நண்பகலோடு முடிந்துவிடும் என்று கணேசன் சொன்னான். சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு இரவு வண்டிதானே? எழும்பூர் நிலையத்தில் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல், குளித்து, உண்டு, ஒரு தூக்கம் தூங்கிவிட்டுக் கிளம்பலாம். வெஸ்டின், ஷெராட்டன் போன்றவற்றில் உனக்கும் உடன் தங்கும் ஒருவருக்கும் காலை உணவைப் பெறலாம். அறை இருந்தால் இன்னும் நல்ல அறையாகத் தருவார்கள். பாயின்ட்டும் பாதி பங்கு கூடுதலாக வரும்.

சேகர், இனி நான் சொல்வதை நீ சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். இந்த எண்ணிக்கை மனிதனைப் பிடித்துக்கொள்ளும். என்னோடு வேலை பார்த்தவர்களில் சிலர், டிசம்பரில் நாலைந்து இரவு குறைகிறது என்று, சொந்த வீடு இருக்கும் ஊரிலேயே மலிவான அறையெடுத்துப் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை அந்த நேரத்தில் வீட்டில் அப்பாவுக்காக விழித்துக்கொண்டிருந்திருப்பான். நீ அதைச் செய்யக்கூடாது. ராஜகோபாலசுவாமி கோயிலில் போன மாதம் மீனாவைப் பார்த்தபோது, அவள் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. இந்த வாரம் எந்தக் கிழமை வருவார் என்று சின்னவன் காலண்டரில் வட்டம் போட்டுவைக்கிறான் என்று மட்டும் சொன்னாள். பெரியவனுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு வருகிறது. ஐந்தாவது இரவு ஒன்றைச் சேர்க்கலாம் என்ற ஆசை எந்த வாரத்திலும் உனக்கு வரக்கூடாது. வெள்ளி இரவு நீ வண்டியில் இருக்க வேண்டும். அதனால் ஏப்ரல் மே ஆனால் ஆகட்டும்.

இதே திட்டத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். பாயின்ட்டைக் கொடுத்துத் தங்கும் இரவுகளும் தகுதிக் கணக்கில் சேரும். பாயின்ட்டில் தொடர்ந்து ஐந்து இரவுகள் எடுத்தால் நான்குக்குத்தான் பாயின்ட் கழிப்பார்கள். கணக்கில் ஐந்தும் ஏறும். அந்தத் தங்கலுக்கும் 4 மணி உரிமையும் காலை உணவும் பொருந்தும். கோடை விடுமுறையில் மீனாவையும் பிள்ளைகளையும் ஐதராபாத்துக்கு அழைத்துப் போ. நீ பகலில் வேலைக்குப் போய்விட்டாலும் மாலையில் உசேன் சாகரும் சார்மினாரும் இருக்கின்றன. அம்மா வர இசைந்தால், லிஃப்ட்டுக்கு அருகில் அறை வேண்டும் என்று முன்கூட்டியே விடுதிக்கு எழுதிவிடு.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறுப்பினர் ஆவதற்குக் கட்டணம் இல்லை. அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரைப் பதிந்துகொள். நிறுவனம் பேசிவைத்த சலுகை வாடகையும் கணக்கில் சேரும், ஆனால் நிறுவனமே மொத்தமாகப் பில் கட்டும் ஏற்பாடாக இருந்தால் உன் பெயரில் ஏறுமா என்று விடுதியில் முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். ஒவ்வொரு பில்லையும் பத்திரப்படுத்து. விடுபட்ட தங்கலைக் கோருவதற்கு அதுவே சான்று. வேறு தளத்தில் குறைந்த வாடகையைக் கண்டால், பதிந்த 24 மணி நேரத்துக்குள் மாரியட்டிடம் முறையிடலாம். நிபந்தனைகள் பொருந்தினால் அதே வாடகைக்கு இறங்கிவருவதோடு, அதிலிருந்து 25 சதவீதத் தள்ளுபடியோ 5,000 பாயின்ட்டோ தருவார்கள். எனவே அந்த நூறு ரூபாய்க்காகச் செயலிக்கு ஓட வேண்டியதில்லை.

50 ஐத் தொட்டதும் ஒரு பரிசைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். நண்பர் ஒருவருக்குச் சில்வர் தகுதியை அளிப்பதும் அந்தப் பட்டியலில் இருந்துவந்திருக்கிறது. அது இருந்தால் கணேசனுக்குக் கொடுத்துவிடு. நாற்பது ஆண்டுகளாக நம் இருவருக்கும் தேநீர் வாங்கித் தந்தவன் அவன்.

அடுத்த வாரப் பயணத்துக்கு அறை பதிவதற்கு முன் உறுப்பினர் எண்ணை வாங்கிவிட்டு எனக்கு எழுது. மீனாவிடம் கேட்டு மே மாதத்தில் அவர்களுக்குத் தோதான தேதிகளையும் அதிலேயே குறிப்பிடு.

அன்புடன்,
பாலு